குடும்ப வைத்தியருக்குக் குரு யார்?

பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலில் வரும் நேயர்கள், குண்டக்கல்லையும் கடப்பையையும் கடந்து ரேணிகுண்டாவை அடைந்ததும், வீட்டுத் திண்ணையில் கால் வைத்தாற் போன்ற ஓர் ஆறுதலை அடைவதுண்டு. நடைமேடையில் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கத் தொடங்கும் இடம் அது. ஒரு பக்கம் காளஹஸ்தி, மறு பக்கம் திருப்பதி. தென்மேற்கே சென்றால் சித்தூர். அங்கிருந்து இன்னும் சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே சென்றால் தமிழ்நாட்டு எல்லைக்குள் வேலூர். இந்த நிலப்பகுதியை யாத்திரைக்காக நினைப்பவர் பலர். நோய் தீர வேண்டிச் செல்லும் வழியாக நினைப்பவரும் பலர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பட்டம் பெற்று, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, முதல் நோயாளிக்காகக் காத்திருக்கும் இளைய குடும்ப வைத்தியர் தம் தொழிலை எவரிடம் கற்றார், எதிலிருந்து கற்றார் என்பதே அது.

பட்டம் பெற்றவருக்கு மேலும் கற்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். உண்மையில் அவருடைய படிப்பு அன்றுதான் தொடங்குகிறது. மருத்துவக் கல்லூரி மாணவன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் காண்பது கனிந்த நோய். குடும்ப வைத்தியர் தம் அறையில் காண்பதோ பிஞ்சு. கனியைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்வது எளிது. பிஞ்சைப் பார்த்துச் சொல்வது அப்படியன்று. இரண்டு நாட் காய்ச்சலோடு வரும் பெரும்பாலோருக்கு அது தானாகவே தணிந்துவிடும். ஒருவருக்கு மட்டும் தணியாது. அந்த ஒருவர் யார் என்று, எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனைச் சாலையும் பக்கத்தில் இல்லாத வேளையில், அறிந்து சொல்ல வேண்டியவர் அவரே. அது மட்டுமா? அந்த வீட்டில் பாட்டிக்கு நீரிழிவு, மருமகளுக்கு ஆறாம் மாதம், பேரனுக்கு இழுப்பு என்பதெல்லாமும் அவர் நினைவில் இருக்க வேண்டும். நம் மக்கள் இத்தகையவரைக் ‘கைராசிக்காரர்’ என்று போற்றுவார்கள். கைராசி என்பது பிறவியில் வருவதன்று. பழக்கத்தில் வருவது என்பதே நம் கருத்து.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் நெசவாலை நகரில் 1879 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி, ஆஸ்பத்திரியில் தாம் கற்றதற்கும் தம் அறைக்கு வந்த நோயாளிகளுக்கும் பொருத்தம் இல்லாமையைக் கண்டு திகைத்தார். கர்ப்பிணி ஒருத்தி அவர் கண்ணெதிரே இதயம் தளர்ந்து இறந்துபோனாள். அதன்பின் ஒவ்வொரு நோயாளியின் நாடியையும் ஆண்டுக் கணக்கில் குறித்து வைத்து, இதய நோய் பற்றி உலகமே படிக்கும் நூல்களை எழுதினார். அந்நாட்டில் பொது மருத்துவர்களுக்கென்று தனிக் கல்லூரி அமைந்தது 1952இல்தான். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், ஜோசப் காலிங்ஸ் என்னும் ஆஸ்திரேலிய டாக்டர் இங்கிலாந்தின் பொது மருத்துவர்கள் பணி செய்யும் நிலையைச் சுற்றிப் பார்த்து, ஒளிவு மறைவின்றிக் குறைகளை எழுதி வெளியிட்டிருந்தார். வெட்கம் ஒரு கல்லூரியைக் கட்டியது எனலாம்.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1911 வரை சித்தூர், வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்தது. வேலூரும் அதே ஜில்லாவில் அடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதியன்று சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. ஆயினும் நோயாளிகள் நிர்வாகக் கோடுகளைப் பார்த்து நடப்பதில்லை. சித்தூர்ப் பக்கத்து மாட்டு வண்டிகள் வேலூரை நோக்கிச் சென்றுகொண்டேயிருந்தன. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கு வேலூரிலும் சித்தூரிலும் நிலையங்கள் இருந்தன. அதனை நிறுவிய ஸ்கட்டர் சகோதரர்களின் தந்தை ஜான் ஸ்கட்டர், முன்னர் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் செய்தவர். அவருடைய பேத்தியே வேலூர் ஐடா ஸ்கட்டர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த அம்மையார் ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி வண்டியில் சென்று, சாலையோர மர நிழலில் வைத்தியம் பார்த்தார். 1918இல் பெண்களுக்கென எல்.எம்.பி. பள்ளியையும் தொடங்கினார்.

எல்.எம்.பி. என்ற மூன்றெழுத்தை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பை விடக் குறுகிய காலத்தில் முடியும் படிப்பு அது. சென்னை ராயபுரத்துப் பள்ளி போன்றவற்றில் அதைக் கற்றுத் தேறியவர்களே சிறு ஊர்களில் ‘டாக்டர்’ என்ற சொல்லுக்கு உருவம் கொடுத்தவர்கள். கண்ணாடிப் பாட்டிலில் சிவப்பு மிக்சர். அதன் பக்கத்தில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவதற்காகப் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டிய காகிதப் பட்டை. திரைக்கு அப்பால் மருந்து கலக்கும் கம்பவுண்டர். புதிதாக வந்த டாக்டருக்கு அந்தக் கம்பவுண்டரே முதற் குரு என்று சொன்னாலும் மிகையாகாது. எந்த வீட்டார் பணம் தருவர், எந்தக் குழந்தை கசப்பு மருந்தைத் துப்பிவிடும், எந்தப் பெரியவர் பத்தியம் சொல்லாவிட்டால் வைத்தியத்தையே நம்பமாட்டார் என்பவை அவர் அறிந்த சாத்திரங்கள்.

இத்தகைய டாக்டர்களைக் கிராமத்துக்கே கொண்டுசெல்லும் திட்டம் ஒன்று இந்த மண்ணின் மைந்தர் ஒருவர் காலத்தில் உருவாயிற்று. காளஹஸ்தியில் 1866இல் பிறந்தவர் பனகல் அரசர். 1921 முதல் 1926 வரை சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாக விளங்கினார். அவருடைய ஆட்சியில், கிராமத்தில் குடியேறி வைத்தியம் செய்ய இசையும் டாக்டருக்கு ஆண்டு தோறும் மானியம் வழங்கும் ஏற்பாடு வந்தது. ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் பெறலாம். சம்பள உத்தியோகமும் அன்று, முழுச் சொந்தத் தொழிலும் அன்று. இரண்டுக்கும் நடுவே அமைந்த புதுமை. பிற மாகாணங்கள் கவனித்துப் பார்த்த திட்டம் இது. சென்னையில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றைக் கற்பிக்க இந்திய மருத்துவப் பள்ளி 1925இல் தோன்றியதும் அவர் காலத்தில்தான்.

மானிய டாக்டரின் நிலையை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து வந்தது, மானியம் வந்தது, ஆனால் பேசுவதற்கு ஒரு தோழர் இல்லை. பத்து மைல் சுற்றளவில் வேறு டாக்டர் இல்லாதவர், தாம் செய்தது சரியா தவறா என்று யாரைக் கேட்பார்? இறந்தவர் பேசுவதில்லை, பிழைத்தவரோ எதனால் பிழைத்தோம் என்று அறிவதில்லை. ஆதலின் தவறான பழக்கமும் இருபது ஆண்டு கழிந்தால் ‘அனுபவம்’ என்ற பெயரைப் பெற்றுவிடும். தனிமையே குடும்ப வைத்தியரின் பெரும் பகை. இத்துறையின் வரலாறு முழுவதும் அத்தனிமையை உடைக்க நடந்த முயற்சிகளின் வரலாறுதான்.

அவற்றில் முந்தியது அச்சுத்தாள். சென்னையில் பொது மருத்துவராக இருந்த டாக்டர் யு. ராமராவ் 1904இல் ‘ஆண்டிசெப்டிக்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைச் சட்ட மேல்சபையின் தலைவராகவும் விளங்கியவர் அவர். கல்லூரிப் பேராசிரியராக அல்லாமல், தாமே தினமும் நோயாளிகளைப் பார்த்துவந்த ஒருவர் தம் போன்றோருக்காக நடத்திய இதழ் என்பதே அதன் சிறப்பு. தபால்காரர் எட்டிப் பார்க்கும் ஊர் வரை ஒரு துணை கிடைத்தது.

1912இல் தோன்றிய மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் நிலையத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மதனப்பள்ளி அன்று சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 2022 வரை அப்படியே இருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலரின் பெயரோடு பிணைந்தது அந்நிலையம். உலர்ந்த காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகிய மூன்றுமே காசத்துக்கு மருந்தாக இருந்த காலத்தில் தென்னிந்தியக் குடும்பங்கள் பல அங்கே சென்று மாதக் கணக்கில் தங்கின. 1948இல் பி.சி.ஜி. தடுப்பூசி இந்நாட்டுக்கு வந்தபோது அது தொடங்கிய இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. 1950 முதல் அங்குள்ள டாக்டர்கள் சுற்றுப்புறக் கிராமங்களுக்கே சென்று, வீடு வீடாக மக்களைச் சோதித்து நோயைக் கணக்கெடுத்தார்கள். படுக்கைக்கு வந்த நோயை மட்டும் எண்ணாமல், ஊரில் உலவும் நோயை எண்ணிய பணி அது.

அதற்குள் டெல்லியில் பெரிய முடிவொன்று எடுக்கப்பட்டுவிட்டது. 1943இல் நியமிக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, இனி நாட்டில் ஒரே வகை டாக்டர்தான் இருக்க வேண்டும், அவர் எம்.பி.பி.எஸ். படித்தவராகவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவ்வேளையில் நாட்டில் பதிவு பெற்றிருந்த ஏறத்தாழ 47,500 டாக்டர்களில் சுமார் 30,000 பேர் எல்.எம்.பி. போன்ற லைசென்ஸ் படிப்பினரே. குழுவிலேயே சில உறுப்பினர் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார்கள். தேவையான அளவு டாக்டர்கள் உருவாகும் வரை குறுகிய படிப்பும் இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். அது ஏற்கப்படவில்லை. வேலூர்ப் பள்ளி 1942இலேயே எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்திருந்தது. ராயபுரத்துப் பள்ளி அதற்கு முன்பே, 1938இல், ஸ்டான்லி கல்லூரியாகிவிட்டது.

தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இரண்டாந்தர டாக்டர் கிராமத்துக்கு, முதல்தர டாக்டர் நகரத்துக்கு என்ற பாகுபாடு நீங்கியதும் நியாயமே. ஆனால் ஒன்றை இழந்தோம் என்றும் நமக்குத் தோன்றுகிறது. எல்.எம்.பி. படித்தவர் சிறு ஊரை மனத்தில் வைத்துக்கொண்டே படித்தார். புதிய கல்லூரியிலோ மாணவன் முன் நின்றவர் அனைவரும் தனித் துறை நிபுணர்கள். இதய நிபுணரைப் பார்த்தவன் இதய நிபுணனாக விரும்பினான். குடும்ப வைத்தியராக வாழ்ந்து காட்டும் ஆசிரியர் ஒருவரையும் ஐந்து ஆண்டுப் படிப்பில் அவன் காணவில்லை. காணாத ஒன்றாக ஆக எவன் விரும்புவான்? கிராமத்து வெற்றிடத்தில் பட்டமற்ற வைத்தியர்கள் வந்து அமர்ந்தார்கள். ஆந்திர நாட்டில் ‘ஆர்.எம்.பி. டாக்டர்’ என்று மக்கள் அவர்களை அழைக்கிறார்கள்.

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவர மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1960இல். அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று திருத்தணி தாலுகா சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைச் சண்டையின் சூடு ஆறாத அந்நாளில், எல்லையைப் பாராமல் எல்லோருக்கும் படுக்கை தரும் ஆஸ்பத்திரியாக ருயா அரசு மருத்துவமனை வளர்ந்தது. 1993இல் திருப்பதியிலேயே ஸ்ரீ வெங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகம் உயர் சிகிச்சைக்காகத் திறக்கப்பட்டது. இவற்றில் பயின்ற டாக்டர்கள் ராயலசீமை முழுவதும் பரவினார்கள். 1977இல், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வளர்ச்சி வட்டாரங்களின் பொறுப்பை ஏற்று மாணவரைக் கிராமத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. மாணவர்கள் வண்டியேறிச் சென்றார்கள், வண்டியேறித் திரும்பினார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல நமக்கு மனமில்லை.

தொழில் செய்யும் டாக்டர்களே தங்களுக்குள் கூடிக் கற்க வேண்டும் என்ற எண்ணம் 1963இல் உருவெடுத்தது. இந்திய மருத்துவச் சங்கம் அவ்வாண்டு பொது மருத்துவர்களுக்கான கல்லூரி ஒன்றை நிறுவியது. அதன் தலைமையிடம் சென்னை. மதிற்சுவர் இல்லாத கல்லூரி அது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே வகுப்பு. பின்னர் தேசியத் தேர்வு வாரியம் குடும்ப மருத்துவத்தில் மூன்றாண்டுப் பயிற்சியையும் பட்டத்தையும் ஏற்படுத்தியது. ஆனால் அதற்காக நடந்துவரும் மருத்துவ அறையை மூன்று ஆண்டு பூட்டி வைக்க எத்தனை பேரால் முடியும்? வாடகை நிற்காது, நோயாளிகளும் காத்திருக்க மாட்டார்கள்.

கல்லாமையின் விலை என்ன என்பதை நேயர்களுள் பலர் அறிந்த ஓர் இடத்திலிருந்தே காட்டலாம். காசநோயாளியை ஆரோக்கியவரம் போன்ற நிலையங்களில் கிடத்தி வைக்க வேண்டியதில்லை, சென்னைச் சேரியின் சிறு வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று, சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 1959இல் உலகுக்கு நிரூபித்தது. பேதமற்ற பெரும் கண்டுபிடிப்பு அது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே மருந்து. அதன்பின் காசநோய் மலை மேலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தது. தெரு டாக்டரின் கைக்கு வந்தது. முப்பது ஆண்டு கழித்து, பம்பாயில் நம்மவர் நெருங்கி வாழும் தாராவியில், 100 தனியார் டாக்டர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார்கள். 80 வெவ்வேறு விதமான மருந்துச் சீட்டுகள் வந்தன. 1991இல் வெளியான இம்முடிவு மருத்துவ உலகைத் துணுக்குறச் செய்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பின் மும்பையில் 106 டாக்டர்களிடம் மீண்டும் கேட்டபோது, சரியாக எழுதியவர் 6 பேர் மட்டுமே. மருந்துக்கு அடங்காத காசம் இத்தகைய சீட்டுகளிலேயே வளர்கிறது. அந்த டாக்டர்கள் தீயவர்கள் அல்லர். நள்ளிரவிலும் கதவைத் திறப்பவர்கள். கடன் சொன்னாலும் ஊசி போடுபவர்கள். பட்டம் பெற்ற நாளோடு அவர்களுக்குப் பாடம் சொல்வார் இல்லாது போயிற்று. மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி ஒருவரே தவறாமல் வந்துபோன ஆசிரியர்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் நடுவில் தொடங்கிய அஞ்சல்வழிக் குடும்ப மருத்துவப் படிப்பை இந்தப் பின்னணியில்தான் நாம் மதிப்பிட வேண்டும். அதன் கொள்கை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறை, இருந்த இடத்திலேயே தீர்ப்பதைப் பெருக்கு என்பது. டாக்டர் தம் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. தாமே படித்துத் தாமே சோதித்துக்கொள்ளும் பாட நூல்கள் வீடு தேடி வரும். குறித்த நாட்களில் நேரில் சென்று நோயாளிகளைப் பார்த்துக் கற்க வேண்டும். காணொலி வழியே ஆசிரியரிடம் ஐயம் கேட்கலாம். சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே குடிபாலா மண்டலத்து ராமாபுரத்தில் அக்கல்லூரி ஒரு வளாகத்தையும் அமைத்திருக்கிறது. 1911இல் பிரிந்த இரு ஜில்லாக்களுக்கும் நடுச்சாலையில் அது நிற்பது பொருத்தமே.

பாட நூல் என்றதும் கனத்த புத்தகங்களை நினைக்க வேண்டாம். குடும்ப வைத்தியருக்கு வேண்டிய பாடம் சில வேளை ஒரு கண்ணாடிக் குழாயில் அடங்கிவிடும். சித்தூர்ப் பகுதி நிலக்கடலை விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் பாம்புக் கடியோடு உழவர் ஒருவர் வருகிறார். பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. புதிய டாக்டர் என்ன செய்வார்? சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் இரத்தம் இரண்டு மில்லிலிட்டர் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு இரத்தத்தைக் கெடுத்துவிட்டது. நச்சு முறிவு மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சோப்புத் தூளில் கழுவிய குழாயாக இருந்தால், நஞ்சேறாத நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றிவிடும். இந்த ஒரு வரியை அறியாதவர் விலை மதிப்புள்ள மருந்தை வீணாக்குவார். இனி, உறைந்துவிட்டது என்று நிம்மதியடைந்து வீட்டுக்கு அனுப்புவதும் பிழையே. நாகமும் கட்டுவிரியனும் இரத்தத்தைத் தொடாமல் நரம்பைத் தாக்கும். கண்ணிமை சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று மணிக் கணக்கில் அருகிருந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் இந்நோய் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களைக் கொன்றது. பிறகு டாக்டர்களின் நினைவிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூர் டாக்டர்கள் காரணம் புரியாத காய்ச்சல்களைத் துருவி ஆராய்ந்து, குளிர் மாதங்களில் அது இப்பகுதியில் பரவியிருப்பதை வெளிப்படுத்தினார்கள். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டாற் போன்ற கருமையான பொருக்கு ஒன்று இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. அக்குளிலோ, இடுப்பு மடிப்பிலோ, மார்பின் கீழோ மறைந்திருக்கும். நோயாளி அதைச் சொல்லமாட்டார், அவருக்கே தெரியாது. தேடிப் பார்க்கும் டாக்டருக்குத்தான் அகப்படும். கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்கிளின் என்னும் மலிவான மாத்திரை பெரும்பாலும் இரண்டொரு நாளில் காய்ச்சலைத் தணிக்கும். காணத் தவறினால் நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்து, குடும்பம் நகை நட்டை விற்றுத் தீவிர சிகிச்சை அறை வாசலில் காத்திருக்க நேரும். கூச்சத்தைப் போக்கி, சட்டையைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் பார் என்று எவரேனும் ஒருவர் அந்த இளைஞருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மகளிரிடத்து இதைச் செய்ய எவ்வளவு பக்குவம் வேண்டும் என்பதும் சேர்ந்தே கற்க வேண்டியதாகும்.

திருப்பதி டாக்டருக்கு மற்றொரு சங்கடம் இருக்கிறது. அவர் முன் வந்து அமர்பவர் பல வேளை யாத்திரிகர். அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறத் தொடங்கி, பாதியில் மார்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்த பெரியவரின் குடும்பம் நாக்பூரில் இருக்கும். அவரது மருந்துச் சீட்டு அங்கே அலமாரியில் இருக்கும். முன்பின் அறியாதவரிடம் ஐந்து நிமிடத்தில் குடும்ப வைத்தியராக நடந்துகொள்ள வேண்டிய ஊர் அது. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் ஊருக்குப் புறப்படும்போது மருந்துச் சீட்டின் நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டால், முகம் தெரியாத அந்த டாக்டருக்குப் பேருதவியாகும்.

2023 ஏப்ரலில் ஆந்திர அரசு, குடும்ப டாக்டர் என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரு டாக்டர்கள். ஒருவர் நிலையத்தில் இருக்க, மற்றவர் நடமாடும் வண்டியில் முறை வைத்துக் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் அமைப்பு. மர நிழல் வைத்தியமும் பனகல் அரசர் காலத்து மானியமும் ஒன்று சேர்ந்து புதுச் சட்டை போட்டு வந்தாற் போல் இருந்தது. தேசிய மருத்துவ ஆணையமும் அண்மை ஆண்டுகளில், முதலாண்டு மாணவனே கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஏற்றுப் படிப்புக் காலத்தில் தொடர்ந்து கவனித்து வர வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒரு முறை போய்ப் பார்த்துத் திரும்புவதற்கும், அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பச் செல்வதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. இதில் நாம் நம்பிக்கை வைக்கிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க டாக்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழில் மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றுக்கு அவரும் அவர் மாணவரும் தமிழில் நூல்கள் செய்தார்கள். அவ்வழி பின்னர் தூர்ந்துபோயிற்று. இன்று சித்தூர் டாக்டர் ஆங்கிலத்தில் படிக்கிறார். தெலுங்கிலும் தமிழிலும் நோயைக் கேட்கிறார். நெஞ்சு கரிப்பு, வயிற்றுப் பொருமல், தலை கிறுகிறுப்பு, உடம்பு அசதி என்று வருபவற்றுக்கு ஆங்கிலப் புத்தகத்தில் நேர்ச் சொல் கிடையாது. அவற்றை நோயாளியிடமிருந்தே கற்க வேண்டும். தெலுங்கு பேசும் மூதாட்டி ‘திம்மிரி’ என்பார். மரத்துப்போதல் என்று பொருள். தமிழிலும் திமிர் என்பதற்குப் பழைய பொருள் அதுவே. திமிர்வாதம் என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பட்டணத்தில் வளர்ந்த தமிழ் டாக்டரிடம் எல்லைப்புறத்துப் பெரியவர் ஒருவர் காலில் திமிர் என்று சொன்னால், அவர் சிரித்துவிடக் கூடும்.

சிரிக்காதவர் மேசை இழுப்பறையைத் திறக்கிறார். அதில் ஒரு நைலான் இழை இருக்கிறது. வேலூரில் 1946 முதல் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களை ஆராய்ந்து கண்ட உண்மை, பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்று, நீரிழிவுக்காரரின் பாதத்துக்கும் உரியதாயிற்று. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இவ்விழை அங்கு நடந்த ஆய்வுகளால் நிலைபெற்ற கருவி. பெரியவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இழையால் பெருவிரலின் அடியைத் தொட்டு, “தெரிகிறதா, ஐயா?” என்று அவர் கேட்கிறார்.